வெள்ளிக்கிழமை சரக்கு கிளம்புமா: எந்தப் பதில் சொன்னால் நம்புவார்கள்?

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை (ஒரு ஆர்டரைத் துணியிலிருந்து ஷிப்மென்ட் வரை பின்தொடர்கிற வேலை) பார்ப்பவர்களை அடிக்கடி மாட்டிவைக்கிற கேள்வி ஒன்று உண்டு. "அடுத்த வெள்ளிக்கிழமை சரக்கு கிளம்பிடுமா?" வெளிநாட்டு பையருக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கும் பையிங் ஆபீஸ் கேட்கும், முதலாளி கேட்பார், சில நேரம் ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ இருக்கும் பையரே நேராக வாட்ஸப்பில் கேட்டுவிடுவார். கேட்கிற அந்த நிமிடம் பாதித் துணி சாயப்பட்டறையில் கிடக்கும், ஷேடு (சாயத்தின் நிறம்) ஓகே ஆகியிருக்காது, மெயின் லேபிள் இன்னும் கூரியரில் வந்துகொண்டிருக்கும். நேர்மையான பதில் "எனக்கே தெரியலைங்க" என்பதுதான். அதை அப்படியே சொன்னால் வேலை தெரியாத ஆள் என்று முத்திரை விழும். கண்டிப்பாகக் கிளம்பும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பாமல் போனால் அடுத்த ஆர்டரில் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

இந்த இடத்தில் பொதுவாக நாலு விதமாகப் பதில் சொல்கிறோம்: அடித்துச் சொல்வது, மழுப்பிச் சொல்வது, கணக்கோடு சொல்வது, முடியாது என்று சொல்லிவிடுவது. பனியன் கம்பெனியை வைத்துத்தான் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். ஐடி கம்பெனியில் ரிலீஸ் தேதி சொல்பவருக்கும், பேங்கில் லோன் எப்போது வரும் என்று பதில் சொல்பவருக்கும் கையில் இருப்பது இதே நாலுதான். நான் மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எல்லா இடத்திலும் செல்லாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அடித்துச் சொல்வதிலிருந்து ஆரம்பிக்கலாம். "போட்டுடலாம்ங்க, கவலையே படாதீங்க." இதற்கு உடனடிப் பலன் உண்டு, அதை மறுக்க முடியாது. கேட்டவர் நிம்மதியாக போனை வைப்பார். 1970-களில் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் நீதிமன்றப் பேச்சை ஆராய்ந்த ஒரு குழு, ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பேசிப் பதிவு செய்து கேட்பவர்களிடம் கொடுத்தது. ஒன்றில் "வந்து...", "அப்படின்னு நினைக்கிறேன்", "ஒருவேளை" போன்ற தயக்கங்கள் நிறைய, இன்னொன்றில் அவை இல்லை. தகவல் ஒன்றுதான். தயக்கமில்லாமல் பேசிய சாட்சியைத்தான் கேட்டவர்கள் கூடுதலாக நம்பினார்கள். 1978-ல் வெளியான அந்த ஆய்வை வைத்துத்தான் இன்றுவரை "நினைக்கிறேன் என்று எழுதாதே, மன்னிக்கவும் என்று எழுதாதே" என்று ஆபீஸ் பேச்சுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது அடுத்த பாதி. 2007-ல் எலிசபெத் டென்னி என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனையிலும் அடித்துச் சொன்ன சாட்சிதான் முதலில் ஜெயித்தார். ஆனால் சொன்னதில் ஒன்று தப்பு என்று தெரிந்ததும் நிலைமை தலைகீழானது. எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு சொன்னவர் மீதான நம்பிக்கை சரிந்தது. தப்பாகிப்போன அந்த விஷயத்தைச் சொல்லும்போதே "இதில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை" என்று சொல்லியிருந்தவர் பெரிதாக அடிபடவில்லை. நீதிமன்றத்தில் சாட்சியின் ஒவ்வொரு வார்த்தையும் சரியா தப்பா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஷிப்மென்ட் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை வந்தே தீரும், லாரி நிற்கிறதா இல்லையா என்பது ஊருக்கே தெரியும். கப்பலை விட்டால் ஏர் ஃப்ரைட், அதாவது விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு பெரும்பாலும் கம்பெனி தலையில்தான், மொத்த ஆர்டரின் லாபமும் அதிலேயே போய்விடும். சொன்னது நடந்ததா என்று சில நாளில் தெரிந்துவிடும் வேலைகளில் அடித்துச் சொல்வதால் வரும் மரியாதை அந்த சில நாளைக்கு மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. திருப்பூரில் "போட்டுடலாம்ங்க" என்பது ஏறக்குறைய வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. சாயப்பட்டறைக்காரர் நம்மிடம் "நாளைக்கு வந்துரும்ங்க" என்பார், நாம் அதை பையிங் ஆபீஸுக்குத் தள்ளுவோம், அவர்கள் தாங்களாகவே ஒரு வாரம் கூட்டிக்கொண்டு பையரிடம் சொல்வார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஏனென்றால் யாரும் நம்பவே இல்லை. இதில் கஷ்டப்படுவது உண்மையிலேயே வெள்ளிக்கிழமை அனுப்பக்கூடியவர்தான். அவரிடமும் வேறு வார்த்தை இல்லை, அவர் சொல்வதையும் தள்ளுபடி போட்டுத்தான் கேட்பார்கள்.

சரி, அதற்குப் பயந்து மழுப்பினால்? "மேக்ஸிமம் ட்ரை பண்றோம்ங்க, பார்க்கலாம், ஆயிடும்னுதான் நினைக்கிறேன்." நாலில் மோசமானது இதுதான் என்பது என் கணிப்பு. சொல்கிறவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும், நாளைக்கு யாரும் "நீதானே சொன்னாய்" என்று கேட்க முடியாது, அடக்கமாகப் பேசிய திருப்தியும் கிடைக்கும். ஆனால் கேட்டவர் கையில் ஒன்றுமே இல்லை. அதைவிட ஆபத்து, அவர் கையில் ஏதோ இருப்பதாக அவர் நினைத்துக்கொள்வது.

அமெரிக்க உளவுத்துறையில் ஷெர்மன் கென்ட் என்று ஒருவர் இருந்தார். 1951-ல் யூகோஸ்லாவியா மீது சோவியத் தரப்பு படையெடுக்குமா என்று அவருடைய குழு ஓர் அறிக்கை தயாரித்தது. தாக்குதலை ஒரு "கடுமையான சாத்தியமாக" எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் அதற்கு என்ன அர்த்தம் என்று சாதாரணமாகக் கேட்க, நடப்பதற்கு 65, நடக்காமலிருக்க 35 என்றார் கென்ட். அதிகாரி அதிர்ந்துபோனார், அவரும் அவருடைய ஆட்களும் அதைவிட ரொம்பக் குறைவாக நினைத்திருந்தார்கள். கென்ட் திரும்பிப் போய், அந்த வாக்கியத்தை ஒப்புக்கொண்ட தன் குழுவினரையே ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் மனதில் 80 சதவீதம், இன்னொருவர் மனதில் 20. ஒரே வாக்கியத்துக்கு எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள், ஆளுக்கொரு கணக்கோடு. 1964-ல் இதையெல்லாம் எழுதியபோது, "பெரும்பாலும்" என்றால் ஏறத்தாழ 75, "கிட்டத்தட்ட நிச்சயம்" என்றால் ஏறத்தாழ 93 என்று வார்த்தைக்கு ஓர் எண்ணைக் கட்டிவைக்கப் பார்த்தார். கூட இருந்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்குக் கவிஞர்கள் என்றும் தன் கட்சிக்குக் கணிதக்காரர்கள் என்றும் பெயர் வைத்தார் கென்ட். நம் ஊர் கம்பெனிகளில் கவிஞர்களுக்குப் பஞ்சமே கிடையாது.

கணிதக்காரர்கள் கட்சி நம் ஊரிலும் ஓர் இடத்தில் ஜெயித்திருக்கிறது, நாம்தான் அதை வைத்து மீம் போட்டுக்கொண்டிருக்கிறோம். சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்று வந்தால், கணக்கில் வரும் நிலையங்களில் 25 சதவீதம் வரை என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 வரை. "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. கேட்க மழுப்பல் மாதிரி இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் வரையறை நிற்கிறது. அதனால்தான் ஒரு கலெக்டர் அதை வைத்துப் பள்ளிக்கு விடுமுறை விடலாமா என்று முடிவெடுக்க முடிகிறது. "மேக்ஸிமம் ட்ரை பண்றோம்" என்பதை வைத்து ஒரு லாரி கூட புக் பண்ண முடியாது.

மழுப்பலின் விலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு விமான விபத்தைச் சொல்வார்கள். 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52 என்ற விமானம். மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே வட்டமடிக்க வைக்கப்பட்டது. முதல் தடவை இறங்க முடியாமல் மேலே ஏறிய பிறகு, எமர்ஜென்சி என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். துணை விமானியோ கட்டுப்பாட்டு அறையிடம், மறுபடி முயற்சி செய்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வேறு விஷயங்களோடு சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டாயா என்று கேப்டன் கேட்டதற்கு, சொல்லிவிட்டேன் என்றார். அவர் மனதில் சொல்லியாகிவிட்டது. தரையில் இருந்தவர்களுக்கோ "எமர்ஜென்சி" என்ற வார்த்தை காதில் விழவே இல்லை, விழுந்திருந்தால்தான் வேறு நடைமுறை ஆரம்பித்திருக்கும். எரிபொருள் முழுக்கத் தீர்ந்து விமானம் விழுந்ததில், இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். துணை விமானி சொன்னதில் பொய் எதுவும் இல்லை, கேட்பவரை எழுந்து ஓடவைக்கும் வார்த்தை மட்டும்தான் இல்லை. பனியன் கிளம்பாமல் போனால் யாரும் சாகப்போவதில்லை என்பது சரிதான். ஆனால் "கொஞ்சம் ஷேடு இஷ்யூ இருக்குங்க" என்று மெயிலின் நாலாவது வரியில் போட்டுவிட்டு, "அன்னைக்கே சொன்னேனே" என்று பிறகு வாதாடுபவர் செய்வது அதே காரியம்தான்.

இப்போது மூன்றாவது. நான் அனுப்பச் சொல்கிற மெசேஜ் இந்த மாதிரி இருக்கும்:

"12,000 பீஸில் 7,200 தைத்தாகிவிட்டது, செக்கிங்கில் இருக்கிறது. மீதி 4,800 நேவி, துணி சாயத்தில். ஷேடு இன்று மாலை 5 மணிக்குத் தெரியும். ஓகே ஆனால் வெள்ளிக்கிழமை முழுச் சரக்கும் கிளம்பும். மறுசாயம் போட வேண்டி வந்தால் நேவி மட்டும் செவ்வாய்க்கிழமை கிளம்பும், மற்றது வெள்ளிக்கிழமையே போகும். எது ஆனாலும் 5:30-க்கு மெசேஜ் போடுகிறேன்."

இதிலும் "கிளம்பும்" என்று ஒரே பேச்சாக உத்தரவாதம் இல்லை. மழுப்பலும் இல்லை. நிச்சயமில்லாதது எது என்று விரல் வைத்துக் காட்டியாகிவிட்டது: நேவி ஷேடு, அது ஒன்றுதான். மற்ற எல்லா வாக்கியமும் உறுதியாக முடிகிறது. சந்தேகம் சரக்கின் மேல் நிற்கிறது, சொல்கிற ஆள் மேல் இல்லை. இந்த வித்தியாசத்தைத்தான் 2018-ல் காயர்டிக், சிமன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். விளைவு நிச்சயமில்லை என்று சொல்லும் ஆலோசகரை மக்கள் வெறுப்பதில்லை, "எனக்குச் சரியாத் தெரியலை" என்று தன்னையே குறைத்துப் பேசும் ஆலோசகரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 2020-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் இதை ஒட்டிய ஒன்றைக் கண்டது. நிச்சயமின்மையை எண்களாக, "இதிலிருந்து இதுவரை" என்று கொடுத்தால் நம்பிக்கை கொஞ்சம்தான் குறைகிறது, வெறும் வார்த்தையில் "கூடவோ குறையவோ இருக்கலாம்" என்று கொடுத்தால் அதைவிட அதிகமாகக் குறைகிறது.

இதன் செலவையும் சொல்ல வேண்டும். அந்த மெசேஜை எழுத முதலில் சாயப்பட்டறைக்கு போன் போட வேண்டும், "வந்துரும்ங்க" என்பதை ஏற்காமல் "எத்தனை மணிக்கு லோடு இறங்குச்சுங்க, எந்த மெஷின்?" என்று கேட்க வேண்டும், செக்கிங் டேபிளுக்கு நடந்துபோய் எண்ணிப் பார்க்க வேண்டும். அதாவது வார்த்தையை மாற்றுவது என்பது கடைசியில் வேலையை மாற்றுவது. வாட்ஸப்பில் வார்த்தையை மட்டும் திருத்திக்கொண்டு தன்னம்பிக்கையாகத் தெரியலாம் என்று சொல்லும் ரீல்ஸ் எல்லாம் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். தெரியாதவர் கணக்கோடு பேச முடியாது. மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

நாலாவதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. முடியாது என்று தெரிந்தால், தெரிந்த அன்றைக்கே, அடுத்த சாத்தியமான தேதியோடு சொல்லிவிட வேண்டும். கப்பலில் இடம் மாற்ற பையருக்கு நேரம் இருக்கும்போது வரும் "முடியாதுங்க, புதன்கிழமை தர்றேன்" என்பதற்கும், வியாழக்கிழமை ராத்திரி வரும் அதே வாக்கியத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுப்பு: இப்படியெல்லாம் முகத்துக்கு நேரே பேசினால் பெரியவர்களிடம் மரியாதை இல்லாத மாதிரி இருக்காதா? இருபது வருஷமாகக் கத்தரி பிடிக்கும் கட்டிங் மாஸ்டரிடம் நேற்று வந்த பொண்ணு போய் "இது தப்பு" என்று சொல்ல முடியுமா? முடியாதுதான். ஆனால் மரியாதைக்கும் தயக்கத்துக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. "மாஸ்டர், இந்த ரோல் ஜிஎஸ்எம் 10 குறையுதுங்க. வெட்டினா பாஸ் ஆகாதுங்க. ஒரு தடவை நீங்களே பார்த்துடுங்க." (ஜிஎஸ்எம் என்பது துணியின் கனம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு.) மரியாதை முழுக்க "மாஸ்டர்" என்ற விளியிலும் அந்த "ங்க"விலும் இருக்கிறது; விஷயம் முழு உறுதியோடு இருக்கிறது. "இல்ல அண்ணா, எனக்குத் தப்பா இருக்கலாம், ஒருவேளை கொஞ்சம் குறையுதோன்னு..." என்று ஆரம்பித்தால் அவர் பாதியிலேயே மெஷினைப் போட்டுவிடுவார். பையருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த "ங்க" கிடைப்பதில்லை, அந்தக் குறையை நிரப்பத்தான் நம் ஆட்கள் வாக்கியத்துக்கு மூன்று கைண்ட்லியும் இரண்டு சாரியும் போடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

அதற்காக எல்லாத் தயக்கத்தையும் வெட்டி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. 2015 கடைசியில் ஜிமெயிலுக்கு "ஜஸ்ட் நாட் சாரி" என்று ஒரு சேர்க்கை வந்தது. "சாரி", "ஐ திங்க்", "ஜஸ்ட்" போன்ற வார்த்தைகளை எழுத்துப்பிழை மாதிரி சிவப்புக் கோடு போட்டுக் காட்டும், முக்கியமாகப் பெண்களுக்காக என்று சொல்லித்தான் விட்டார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பெண்கள் நேராகப் பேசினால் திமிர், ஆண் பேசினால் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும் ஃப்ளோரில், திருத்த வேண்டியது பெண்ணின் மெயிலை மட்டும்தானா? அப்புறம், தயக்கமான பேச்சு எப்போதுமே நஷ்டம் என்பதும் உண்மையில்லை. அலிசன் ஃப்ராகேல் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தனித்தனியாகச் செய்கிற வேலையில் அதிகாரமாகப் பேசுபவருக்கு மதிப்பு கூடுகிறது, ஒருவரை ஒருவர் நம்பிச் செய்கிற கூட்டு வேலையில் தயங்கிப் பேசுபவருக்கே கூடுகிறது, மற்றவர்களையும் மதிப்பவர் என்று தெரிவதால். ஒரு டிசைனை எப்படித் தைக்கலாம் என்று நாலு பேர் கூடிப் பேசும்போது "இப்படிப் பண்ணிப் பார்க்கலாமா?" என்பது நல்ல கேள்வி. தேதி சொல்லும்போது அதே தொனி வந்தால்தான் சிக்கல்.

கடைசியாக, சொன்னது நடக்காமல் போன பிறகு வரும் வார்த்தைகள். இங்கே தேர்வு இரண்டுதான்: "லேபிள் மிஸ் ஆயிடுச்சுங்க" அல்லது "லேபிள் ஆர்டர் போடுவதை நான் விட்டுட்டேன்ங்க". தமிழில் முதலாவது மிக வசதி. எல்லாமே தானாக உடைந்துகொள்ளும், தானாகத் தொலைந்துகொள்ளும், அரசாங்கக் கடிதத்தில் ஆவன செய்யப்படும். யார் செய்வது என்று மட்டும் தெரியாது. இரண்டாவதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பீட்டர் கிம்மும் உடன் வேலை செய்தவர்களும் 2006-ல் வெளியிட்ட சோதனைகளின்படி, திறமைக் குறைவால் வந்த தப்பாக இருந்தால் பழியைப் பங்கு போடாமல் முழுசாக ஏற்பவர் மீதுதான் நம்பிக்கை நன்றாகத் திரும்புகிறது. நேர்மை சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டாக இருந்தால் அப்படித் திரும்புவதில்லை. எண்ணிக்கையில் தவறுவது வேறு, தெரிந்தே பி கிரேடு பீஸை ஏ கிரேடு பெட்டியில் போடுவது வேறு. இரண்டாவதற்கு எந்த வார்த்தையும் உதவாது. இதிலேயே "நாங்க பார்க்காம விட்டுட்டோம்" என்பதற்கும் "நாம பார்த்திருக்கணும்" என்பதற்கும் உள்ள தூரத்தையும் கவனியுங்கள். சூப்பர்வைசர் "நாம" என்று ஆரம்பித்தால் யார் தலை உருளப் போகிறது என்று லைனில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, நான் தேர்ந்தெடுக்கிற விதம் இப்படி. பெட்டி சீல் ஆகி லாரிக்காக மட்டும் காத்திருந்தால் அடித்துச் சொல்லலாம், அங்கே கணக்கு விளக்கம் கொடுப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். நடுவில் ஒன்றோ இரண்டோ தெரியாத விஷயம் இருந்தால் மூன்றாவது. நாலைந்துக்கு மேல் தெரியாதவை இருந்தால் மூன்றாவதும் உதவாது, இன்னும் எழுத வேண்டாம், "நாளை காலை 11 மணிக்குத் தேதியோடு சொல்கிறேன்" என்று நேரத்தை மட்டும் உறுதி செய்துவிட்டு நேராகச் சாயப்பட்டறைக்குக் கிளம்ப வேண்டும்.

ஆனால் "கிளம்புமா கிளம்பாதா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கத்துகிற முதலாளியிடம் இருப்பவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது அவர் பையரிடம் திருப்பிச் சொல்ல ஒரு "கண்டிப்பா". அங்கே வாயால் "நேவி ஓகே ஆனா கிளம்பிடும்ங்க" என்று ஒரே வரியில் சொல்லுங்கள், அந்த "ஆனா"வை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். முழுக் கணக்கையும் அடுத்த ஐந்து நிமிடத்தில் குரூப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள், அவர் படிக்காவிட்டாலும் அக்கவுண்ட்ஸ்காரர் படிப்பார், பையிங் ஆபீஸிலிருந்து தரம் பார்க்க வரும் க்யூசி படிப்பார். இரண்டு மூன்று ஷிப்மென்ட் போன பிறகு பையிங் ஆபீஸ் முதலாளியை விட்டுவிட்டு நேராக உங்களுக்கே போன் போட ஆரம்பிக்கும். அது சம்பளத்தில் வருமா என்பது வேறு பஞ்சாயத்து.